கல்லின் குரலும் கமராவின் கண்ணும்: நியூ இங்கிலாந்தின் பழைய கல்லறைகள் பற்றிய ஒரு நோக்கு

தோற்றுவாய்

இறந்தோரின் பெயரைக் கல்லிற் பொறித்து நிறுத்தும் வழக்கம் மிகப் பழையது. அக்கல்லைப் புகைப்படமாக்கிச் சேர்க்கும் வழக்கமோ அண்மைக் காலத்தது. இவ்விரண்டும் சந்திக்குமிடத்தில் ஒரு தனி வாசிப்பு முறை உருவாகியுள்ளது. பழைய சேமக்காலைகளுக்குக் கமராவுடன் செல்வோர், சிறகு முளைத்த மண்டையோடுகளையும் மணற்கடிகாரங்களையும் வழிப்போக்கனை விளித்து எச்சரிக்கும் வாசகங்களையும் தேடித் தேடிப் படமெடுக்கின்றனர். அப்படங்கள் தொகுப்புகளாகவும் நூல்களாகவும் வெளிவருகின்றன. அவற்றைப் பார்ப்போரிடம் முதலில் எழுவது அச்சங் கலந்த ஒரு கிளர்ச்சியே.

இவ்வச்சம் எங்கிருந்து பிறக்கின்றது என்பது திறனாய்வாளர் கேட்கவேண்டிய வினாவாகும். கல்லில் அது உறைந்திருக்கின்றதா? கல்லைச் செதுக்கியவனின் நோக்கத்தில் இருந்ததா? அல்லது படமெடுப்பவரும் பார்ப்பவரும் நிற்கும் காலத்திலிருந்து எழுகின்றதா? இவ்வினாவுக்கு விடை காண அமெரிக்க ஐக்கிய நாட்டின் வடகிழக்கிலுள்ள நியூ இங்கிலாந்துப் பகுதி மிகப் பொருத்தமான களமாகும். 17ஆம், 18ஆம் நூற்றாண்டுக் கல்லறைக்கற்கள் அங்கு பல்லாயிரக்கணக்கில் எஞ்சியுள்ளன. அவற்றைப் புகைப்படமெடுத்து ஆராய்ந்தோரின் மரபும் ஒரு நூற்றாண்டு காலமாகத் தொடர்ந்து வந்துள்ளது. அம்மரபின் சாதனைகளையும் குறைகளையும் மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கல் பேசிய சூழல்

நியூ இங்கிலாந்திற் குடியேறிய பியூரித்தானியர் வழிபாட்டிடத்தில் உருவங்களை ஏற்காதவர்கள். சிலை, ஓவியம், வண்ணக் கண்ணாடி யாவும் அவர்தம் கூட்ட மண்டபங்களிலிருந்து விலக்கப்பட்டன. இறந்தோரை அடக்குதலும் தொடக்க காலத்தில் சமயச் சடங்காகவன்றிப் பெரும்பாலும் குடியியற் காரியமாகவே நடைபெற்றது. இந்த மறுப்பினிடையே ஓர் இடைவெளி இருந்தது. ஆலயத்துக்கு வெளியே, புல்வெளியில் நிற்கும் கல்லில் உருவம் செதுக்குவதை எவரும் தடுக்கவில்லை. உருவம் மறுத்த சமூகத்தின் சிற்பக்கலை அதன் இடுகாட்டில் வளர்ந்தது என்பது வரலாற்றின் முரண்களுள் ஒன்று.

17ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலிருந்து இக்கற்களில் சிறகுடைய மண்டையோடு பரவலாகக் காணப்படுகின்றது. குறுக்கிட்ட எலும்புகள், மணற்கடிகாரம், சவப்பெட்டி, அரிவாள் ஆகியனவும் உடன் வருகின்றன. பொஸ்ரன் நகரின் கிங்ஸ் சப்பல் இடுகாட்டிலுள்ள ஜோசப் ரப்பிங் என்பவரின் கல் 1678ஆம் ஆண்டுக்குரியது. அதில் எலும்புக்கூட்டு வடிவினதான சாவு ஒரு மெழுகுதிரியை அணைக்க முனைகின்றது. காலம் என்னும் கிழவன் அதனைத் தடுக்க முயல்கின்றான். டோச்செஸ்ரரிலே 1681இல் மறைந்த ஜோன் பொஸ்ரர் என்பவரின் கல்லிலும் இதே காட்சி உண்டு. இன்றைய பார்வையாளருக்கு இது ஏதோ இருண்ட மனத்தின் கனவு போலத் தோன்றலாம். ஆனால் இதன் மூலம் 1638இல் இங்கிலாந்தில் வெளிவந்த பிரான்சிஸ் குவார்ள்சின் நூலிலுள்ள ஒரு சித்திரமாகும். பொஸ்ரரோ பொஸ்ரன் நகரின் முதல் அச்சகத்தார். அச்சுத்தொழில் செய்தவரின் கல்லில் அச்சுநூற் சித்திரம் ஒன்று இடம்பெற்றமை மிக இயல்பானது. கற்செதுக்குநன் கனவு காணவில்லை. படித்தோர் அறிந்திருந்த ஒரு படத்தைக் கல்லில் எடுத்தாண்டான்.

வாசகங்களுக்கும் இது பொருந்தும். இறந்தவரே எழுந்து பேசுவதாக அமைந்து, தமது இன்றைய நிலையே கேட்பவரின் நாளைய நிலை என எச்சரித்து, சாவுக்கு ஆயத்தமாகுமாறு பணிக்கும் செய்யுள் நூற்றுக்கணக்கான கற்களில் திரும்பத் திரும்ப வருகின்றது. கல்லறைப் புகைப்படத் தொகுப்புகள் எவற்றிலும் அதற்குத் தனியிடம் உண்டு. ஆயின் அது எந்தத் தனிமனிதரின் குரலுமன்று. 1376இல் இறந்த கறுப்பு இளவரசர் எட்வேட்டின் கன்ரபரிப் பேராலயக் கல்லறையில் இதே கருத்துடைய பிரெஞ்சுப் பா பொறிக்கப்பட்டுள்ளது. வழிப்போக்கனை நிறுத்திப் பேசும் முறை அதற்கும் முற்பட்டு, சாலையோரங்களில் இறந்தோரைப் புதைத்த உரோமர் காலத்துக்கே செல்வது. வாய்மொழி மரபிலே பாணன் கையாளும் வாய்பாட்டுத் தொடர் போன்று, இச்செய்யுளும் சமூகத்தின் பொதுச் சொத்தாக இருந்தது. குடும்பத்தார் அதனைத் தெரிந்தெடுத்தனர். செதுக்குநன் கல்லின் அகலத்துக்கேற்ப அதனை விரித்தோ சுருக்கியோ பொறித்தான்.

எனவே அக்காலத்து வாசகன் இக்கல்லின் முன்னர் அடைந்த உணர்வு திகிலன்று. ஞாயிறுதோறும் பிரசங்கத்திற் கேட்ட செய்தியையே அவன் மீண்டும் கல்லிற் கண்டான். சாவு அவனுக்கு அந்நியமானதன்று. குழந்தைகளும் பிள்ளை பெறும் தாய்மாரும் அடிக்கடி மறைந்த உலகில் அது வீட்டோடு வாழ்ந்தது. சிறகுடைய மண்டையோடு ஒரு பாடநூலின் முதற்பக்கம் போன்றது. அதனைப் பேயுருவாகக் காண்பது பிற்காலத்தவரின் பார்வையே.

கமரா வந்த காலம்

இவ்விடத்து இரு ஆண்டுகள் கருதத்தக்கன. 1831இல் மசச்சுசெற்ஸ் மாநிலத்தின் கேம்பிறிட்ஜ் நகரையடுத்து மவுண்ட் ஓபேண் சேமக்காலை திறக்கப்பட்டது. மரநிழலும் வளைந்த பாதைகளும் கொண்ட அப்பூங்காவனச் சேமக்காலை சாவினைத் துயிலாகவும் இயற்கையோடு ஒன்றுதலாகவும் கருதிய புதிய உணர்வின் வெளிப்பாடு. 1839இல் புகைப்படக்கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டது. கமரா பிறந்தபொழுது சிறகுடைய மண்டையோடு ஏற்கனவே வழக்கொழிந்திருந்தது. செதுக்குநனின் உளி அதனை வடித்துக்கொண்டிருந்த நாளில் எந்தப் புகைப்படக்காரனும் அதனைக் கண்டதில்லை. கமராவுக்கு அது என்றுமே பழம்பொருள்தான்.

இவ்வுண்மை முக்கியமானது. பழங்கல்லறைப் படங்களிற் காணும் திகில், கல்லுக்கும் கமராவுக்குமிடையே உள்ள காலத் தூரத்திற் பிறந்தது. வாழும் சமயமொழியாக இருந்த ஒன்று, அம்மொழியை அறியாதோர் கையில் மருட்டும் குறியாகின்றது. ஒவ்வொரு புகைப்படமும் சாவை நினைவூட்டுவதே என்னும் கருத்தை சூசன் சொன்ராக் 1977இல் வெளியான தமது நூலில் முன்வைத்தார். அக்கருத்தை ஏற்போமாயின், கல்லறையின் புகைப்படம் இருமடி நினைவூட்டலாகும். ஆனால் கல் நினைவூட்டியது பார்ப்பவரின் சாவை; புகைப்படம் நினைவூட்டுவதோ பிறரின் சாவையும் ஒரு காலத்தின் மறைவையும். முதலாவது அறிவுரை, இரண்டாவது பெரும்பாலும் வேடிக்கை. வேடிக்கையை அறிவாக மாற்றுவது எவ்வாறு என்பதே இத்துறையினரின் முன்னுள்ள பிரச்சினை.

நால்வகை வாசிப்பு

இப்பிரச்சினையை முதலில் முறையாக எதிர்கொண்டவர் ஹரியற் மெரிபீல்ட் போர்ப்ஸ் என்னும் பெண்மணி. மசச்சுசெற்சின் வூஸ்ரர் நகரில் 1856இற் பிறந்த இவர், கற்களைப் படமெடுத்ததோடு நில்லாது, அவற்றைச் செதுக்கியோர் யார் என்ற வினாவை எழுப்பினார். கற்களிற் செதுக்குநரின் பெயர் மிக அரிதாகவே உண்டு. போர்ப்ஸ் இறந்தோரின் சொத்துக் கணக்குகளையும் நாட்குறிப்புகளையும் புரட்டி, கல்லுக்காக யாருக்குப் பணம் கொடுக்கப்பட்டது என்பதைத் தேடினார். அவ்வாறு கிடைத்த பெயர்களைப் படங்களோடு ஒப்பிட்டு, ஒவ்வொரு செதுக்குநரின் கைவண்ணத்தையும் பிரித்தறிந்தார். சாள்ஸ்ரவுணைச் சேர்ந்த லாம்சன் குடும்பம் போன்ற தொழிலாளர் குடும்பங்கள் வரலாற்றில் இடம்பெற இவர் வழிவகுத்தார். 1927இல், எழுபது வயதைக் கடந்த நிலையில் அவர் வெளியிட்ட நூலே இத்துறையின் அடித்தளம். அந்நூலின் தலைப்பே கற்களோடு அவற்றை ஆக்கிய மனிதரையும் சேர்த்துக் கூறுகின்றது. திகிலின் இடத்தில் உழைப்பை வைத்தமை போர்ப்சின் பெருஞ்சாதனை எனலாம்.

நாற்பதாண்டுகளின் பின்னர், 1966இல் அலன் லட்விக் வெளியிட்ட நூல் வேறொரு திசையிற் சென்றது. லட்விக் கற்களின் உருவங்களைச் சமயக் குறியீடுகளாக ஆராய்ந்தார். உருவத்தை வெறுத்தவர் எனக் கருதப்பட்ட பியூரித்தானியர் வளமான குறியீட்டுக் கலையொன்றைப் பேணினர் என்பதை ஏராளமான படங்கள் மூலம் நிறுவினார். அமெரிக்கக் கலைவரலாற்றில் அதுவரை புறக்கணிக்கப்பட்டிருந்த ஒரு பகுதிக்கு அந்நூல் மதிப்பைப் பெற்றுக்கொடுத்தது. ஆயின் உருவத்தைப் பெரிதாக்கிக் காட்டும் படத்தில் கல்லின் பெயரும் வாசகமும் எல்லைக்கு வெளியே போய்விடுதல் இம்முறையின் குறைபாடாகும். மண்டையோடு கலைப்பொருளாக உயர்கின்றது. அதன் கீழ்க் கிடக்கும் மனிதர் மறைகின்றார்.

அதே ஆண்டுகளில் ஜேம்ஸ் டீற்ஸ், எட்வின் டெத்லெப்சன் என்னும் இருவர் கற்களை எண்ணத் தொடங்கினர். தொல்லியலாளரான இவர்களுக்கு ஒரு வாய்ப்பு இருந்தது: மட்பாண்டத் துண்டுக்கு வயது கணிக்கவேண்டும்; கல்லறைக்கல்லோ தன் ஆண்டைத் தானே சொல்கின்றது. மண்டையோடு, சிறகுடைய குழந்தை முகம், கலசமும் தலைதாழ்ந்த வில்லோ மரமும் ஆகிய மூன்று வடிவங்களும் ஒன்றையடுத்து ஒன்றாகத் தோன்றிப் பெருகித் தேய்ந்த முறையை அவர்கள் இடுகாடு இடுகாடாகக் கணக்கிட்டு, 1966, 1967ஆம் ஆண்டுகளில் கட்டுரைகளாக வெளியிட்டனர். புதிய வடிவம் பொஸ்ரன், கேம்பிறிட்ஜ் ஆகிய நகர்ப்புறங்களில் முதலில் தோன்றிக் கிராமப்புறங்களுக்குத் தாமதித்தே சென்றது. உருவத்தோடு சொல்லும் மாறியது. உடல் இங்கே கிடக்கின்றது என்று தொடங்கிய வாசகம், 18ஆம் நூற்றாண்டின் முடிவையொட்டி இன்னாரின் நினைவாக என்று தொடங்கலாயிற்று. கல் உடலின் அடையாளமாக இருந்த நிலை மாறி நினைவின் அடையாளமாகியது. சமூக உணர்வின் மாற்றம் ஒரு தொடரின் தலைச்சொல்லில் வெளிப்படுவதைக் காட்டிய இவ்வாய்வு இலக்கிய மாணவருக்கும் பயனுடையது. எனினும் எண்ணிக்கைக்குள் அகப்படாதவை உண்டு. ஆயிரம் மண்டையோடுகள் ஒரு வளைகோட்டில் அடங்கும்போது, விதிவிலக்கான ஒரு கல் புள்ளியாகக்கூடத் தெரிவதில்லை.

நான்காவது முறை வூஸ்ரரைச் சேர்ந்த டானியல் பார்பர், ஜெசி லை பார்பர் தம்பதியினருடையது. இவர்களின் பெயரால் வழங்கும் தொகுப்பில் 9,000க்கு மேற்பட்ட கற்களின் 13,500க்கு மேற்பட்ட படங்கள் உள்ளன. போர்ப்சும் பிறரும் எடுத்த படங்களும் அதில் அடங்கும். கற்களிற் பெரும்பாலானவை 1800க்கு முற்பட்டவை. வூஸ்ரரிலுள்ள அமெரிக்கத் தொன்மை ஆய்வுக் கழகம் தன்னிடமுள்ள இத்தொகுப்பை யாவரும் பார்க்குமாறு வைத்துள்ளது. பார்பர் தம்பதியினரின் சிறப்பு ஒளியைக் கையாண்ட முறையில் இருந்தது. தேய்ந்த கல்லை நேரெதிர் ஒளியிற் படமெடுத்தால் எழுத்துகள் மறையும். ஒளி ஒரு பக்கத்திலிருந்து கல்லின் மேற்பரப்பை உரசிச் செல்வதாக விழுந்தாலே ஒவ்வொரு எழுத்தின் பள்ளத்திலும் நிழல் தங்கி வாசகம் எழுந்து நிற்கும். பழைய கற்களிற் பல மேற்கு நோக்கி நிற்பதால், நண்பகலையொட்டிய சிறுபொழுதில் மாத்திரமே இயற்கை ஒளி இவ்வாறு அமையும். மர நிழலில் நிற்கும் கல்லுக்கு அதுவும் வாய்ப்பதில்லை. பார்பர் தம்பதியினர் ஒரு கண்ணாடியை வைத்துச் சூரிய ஒளியைத் திருப்பி, வேண்டிய கோணத்திற் கல்மீது பாய்ச்சினர்.

இது வெறும் தொழில்நுட்பச் செய்தியன்று. எழுத்தைத் தெளிவாக்கும் ஆவலிற் பலர் கல்லின்மேல் சுண்ணக்கட்டி தேய்த்தனர். மாவும் சவர நுரையும் பூசினர். கம்பித் தூரிகையாற் பாசி உரித்தனர். ஒரு படத்துக்காகக் கல்லின் வாழ்நாளைக் குறைத்தனர். கண்ணாடி கல்லைத் தொடுவதில்லை. வாசிக்கப்படும் பொருளைச் சிதைக்காது வாசித்தல் என்னும் நெறி, கல்லறைக்கு மாத்திரமன்றிப் பழஞ்சுவடிக்கும் பழம்பாட்டுக்கும் உரிய நெறியே.

இங்கே என்னும் சொல்

கல்லறை வாசகத்தின் உயிர் இங்கே என்னும் சொல்லில் உள்ளது. பேசும் வாய், கிடக்கும் உடல், நிற்கும் வழிப்போக்கன் ஆகிய மூன்றையும் அச்சொல்லே ஓரிடத்திற் பிணைக்கின்றது. புகைப்படம் இப்பிணைப்பை அறுக்கின்றது என்று குறை கூறுவது எளிது. ஆனால் பல இடங்களில் கமரா வருமுன்னரே அது அறுந்துவிட்டது. பொஸ்ரனின் கிரானறி இடுகாட்டில் ஏறத்தாழ 2,300 கற்கள் உள்ளன. அடக்கப்பட்டோர் 5,000 பேர் வரை என மதிப்பிடப்படுகின்றது. 19ஆம் நூற்றாண்டில் அங்குள்ள கற்கள் அழகுக்காகவும் புல்வெட்டும் வசதிக்காகவும் நேர்வரிசைகளாக மாற்றி நடப்பட்டன. இன்று அக்கற்களிற் பல சுட்டும் இடத்தில் அவை குறிப்பிடும் மனிதர் இல்லை. கல் உண்மை பேசுகின்றது. அது நிற்குமிடம் பொய் பேசுகின்றது.

இந்நிலையில் ஒரு கல்லைத் தனியே வெட்டியெடுத்துக் காட்டும் படம் இரண்டாவது இடப்பெயர்வாகின்றது. கல் எங்கு நிற்கின்றது, அதன் அருகில் யாருடைய கற்கள் உள்ளன என்பன அதன் பொருளின் கூறுகளாகும். குழந்தைகளின் கற்கள் இதற்குச் சிறந்த சான்று. 1735இல் நியூ ஹம்சயர் பகுதியிலுள்ள கிங்ஸ்ரனில் தொடங்கிய தொண்டை நோய் அடுத்த ஆண்டுகளில் நியூ இங்கிலாந்து முழுவதும் பரவி, சில வீடுகளில் ஒரு பிள்ளையையும் மிச்சம் விடாது கொன்றது. ஒரு குழந்தையின் கல்லைப் படமெடுத்தால் அது பரிதாபம். ஒரே மாதத்து நாட்களைத் தாங்கிய சகோதரரின் கற்களைச் சேர்த்துப் படமெடுத்தால் அது வரலாறு. இந்நோய் பற்றி 1939இல் நூலொன்றை எழுதிய ஏணெஸ்ற் கோல்பீல்ட் ஒரு குழந்தை மருத்துவர். பின்னர் அவரே கனெற்றிகற் பகுதிக் கற்செதுக்குநர் பற்றியும் விரிவாக எழுதினார். அவர் எடுத்த படங்களும் பார்பர் தொகுப்பிற் சேர்ந்துள்ளன. ஒரு மருத்துவர் கல்லறைகளை நாடியது விசித்திர ஆர்வத்தாலன்று. மண்டையோட்டின் கீழிருந்த திகதியும் வயதும் அவருக்கு மண்டையோட்டினும் அதிகம் கூறின.

மண்டையோடில்லாத் திகில்

திகிலைத் தேடிச் செல்லும் கமரா எவற்றைக் காணாது விடுகின்றது என்பதை இரு கற்கள் கொண்டு விளக்கலாம்.

ரோட் ஐலன்ட் மாநிலத்தின் நியூபோட் நகரிலுள்ள பொது இடுகாட்டில் ஆபிரிக்க வழியினர் அடக்கப்பட்ட பகுதி தனியே உள்ளது. கடவுளின் சிறு நிலம் என்று பொருள்படும் பெயரால் அது வழங்குகின்றது. அந்நகரில் 1705இல் தொடங்கப்பட்ட ஸ்டீவன்ஸ் கற்செதுக்குப் பட்டறையில் அடிமை நிலையிலிருந்த பொம்பி என்பவர் உளி பிடித்தார். அவர் செதுக்கிய ஒரு கல், 1768 டிசெம்பர் 27ஆம் திகதி நாற்பது வயதில் மறைந்த கபி கிப்ஸ் என்பவருக்குரியது. இக்கல்லைப் பொம்பி ஸ்டீவன்ஸ் தன் சகோதரனின் நினைவாக வெட்டினான் என்ற செய்தி அக்கல்லிலேயே உள்ளது. அதில் எச்சரிக்கைச் செய்யுள் இல்லை. வழிப்போக்கனை எவரும் விளிக்கவில்லை. ஆனால் சற்று நின்று வாசிப்பவர் நடுங்கவேண்டியது இங்கேதான். உடன்பிறந்தோர் இருவர், அவர்தம் குடும்பப் பெயர்களோ வேறு. அடிமைக்கு உடைமையாளரின் பெயரே பெயர். கபி என்பது மேற்காபிரிக்க அக்கான் மக்கள் வெள்ளிக்கிழமையிற் பிறந்த ஆணுக்கு இடும் பெயரின் திரிபு. ஆகவே ஒரே வரியில் ஆபிரிக்காவும் அடிமைத்தனமும் அருகருகே நிற்கின்றன. சுதந்திரரான செதுக்குநரும் பெரும்பாலும் தம் பெயரைப் பொறிக்காத ஒரு காலத்தில், உடலும் உழைப்பும் பிறர் உடைமையாக இருந்த ஒருவன் தன் பெயரைக் கல்லில் எழுதினான். தன்னை அவன் உரிமையாளனின் பொருளாக அன்றிச் சகோதரனாகவும் கலைஞனாகவும் அறிவித்துக்கொண்டான்.

மற்றையது மசச்சுசெற்சின் கொன்கோட் ஊரிலுள்ளது. தன் உழைப்பால் தன் விடுதலையை விலைகொடுத்துப் பெற்ற ஜோன் ஜக் என்பவர் 1773இல் அங்கு இறந்தார். அவருக்கான வாசகத்தை டானியல் பிளிஸ் என்னும் சட்டத்தரணி எழுதினார். அது முரண்தொடர்களால் ஆனது: அடிமைகளின் நாடெனப்பட்ட மண்ணிற் சுதந்திரனாகப் பிறந்தவன், சுதந்திர நாடெனப்பட்ட மண்ணில் அடிமையாக வாழ்ந்தான் என்று அது கூறுகின்றது, இறுதி விடுதலையை அளித்து அவனை மன்னரோடு சமமாக்கியது சாவு என்னும் கொடுங்கோலனே என்றும் சொல்கின்றது. பிளிஸ் பிரித்தானிய முடியின் ஆதரவாளர். சுதந்திரம் சுதந்திரம் என முழங்கிய தம் ஊரவரை நோக்கியே அவர் இவ்வங்கதத்தை எய்தார். இரண்டாண்டுகளின் பின் அவ்வூரிலேயே அமெரிக்க விடுதலைப் போரின் தொடக்கச் சமர்களுள் ஒன்று நிகழ்ந்தது. எழுதியவரின் அரசியல் எதுவாயினும், கல் கூறிய உண்மையை அவ்விடுதலை பொய்யாக்கவில்லை. இப்போது அங்கு நிற்கும் கல் 19ஆம் நூற்றாண்டில் மூலக்கல்லுக்குப் பதிலாக நிறுத்தப்பட்டது. கல் மாறியும் வாசகம் நிலைத்தது. நிலைக்கவேண்டும் என்று சிலர் விரும்பியதால் நிலைத்தது.

இவ்விரு கற்களும் மண்டையோடு காட்டி மருட்டவில்லை. மண்டையோடு எல்லோரும் சாவர் என்னும் பொதுவுண்மையைச் சொன்னது. இவையோ எல்லோரும் ஒரேவிதமாக வாழவில்லை என்னும் குறிப்பான உண்மையைச் சொல்கின்றன. முன்னையது கேட்டுப் பழகிய அச்சம். பின்னையது கேட்போரின் மனச்சான்றைத் தொடும் அச்சம். சிறந்த கல்லறைப் புகைப்படம் எது என்பதற்கான அளவுகோலை இவ்வேறுபாட்டிலிருந்து பெறலாம்.

தமிழ் வாசகர் நிற்கும் இடம்

எந்தக் கல் ஒருவரைத் தடுத்து நிறுத்தும் என்பது அவருடைய வரலாற்றையும் பொறுத்தது. போர்ப்சும் பார்பர் தம்பதியினரும் வாழ்ந்த அதே வூஸ்ரர் நகரின் சேமக்காலையில் அலங்காரமற்ற கல் ஒன்று உள்ளது. அது 1822இற் பிறந்து 1884இல் மறைந்த மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீனுக்குரியது. நியூ இங்கிலாந்தின் பியூரித்தானிய மரபில் வந்த சபைகளின் ஆதரவுடன் 1816 முதல் யாழ்ப்பாணத்திற் பணிபுரிந்த அமெரிக்க மிசனின் மருத்துவர் அவர். 1847இல் இங்கு வந்து, இடையில் சில ஆண்டுகள் தவிர 1873 வரை பணியாற்றி, மேலைமருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, ‘இரண வைத்தியம்’ முதலிய நூல்களைத் தமிழில் வெளிக்கொணர்ந்தவர். தமக்குக் கல் ஒன்று வைக்கப்படுமாயின் அது மிக எளிமையாக இருக்கவேண்டும் என்றும், தமிழரிடையே மருத்துவ நற்செய்தியாளர் என்பதே தம் அடையாளமாகப் பொறிக்கப்படவேண்டும் என்றும் அவர் தம் மரணசாதனத்திற் கேட்டிருந்தார், அவ்வாறே பொறிக்கப்பட்டது. மசச்சுசெற்சிற் பிறந்த டானியல் பூவர் 1855இல் மானிப்பாயில் மறைந்தார். மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த கிறீன் தமிழரின் பெயரைத் தம் ஊர்க் கல்லிற் சுமந்து மசச்சுசெற்சிற் கிடக்கின்றார்.

திகிலைத் தேடி வூஸ்ரர் செல்லும் புகைப்படக்காரன் இக்கல்லைத் திரும்பியும் பாரான். தமிழ் வாசகர் ஒருவர் அதனைக் கடந்து செல்ல இயலாது. தமிழர் என்னும் ஒரு சொல்லே அவரை அங்கு நிறுத்தும் விளி. கல்லறை வாசகத்தின் ஆற்றல் அதன் உருவத்திலன்றி, அது யாரை விளிக்கின்றது, விளிக்கப்பட்டவர் அதனை வாசிக்க வல்லவரா என்பதிலே தங்கியுள்ளது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

முடிவுரை

கல்லும் நிலையானதன்று. நியூ இங்கிலாந்தின் பழைய சிலேற்றுக் கற்கள் எழுத்தை வியக்கத்தக்க கூர்மையுடன் காத்துள்ளன; எனினும் நீர் புகுந்து உறையும்போது அவை ஏடு ஏடாகப் பிளந்து உதிர்கின்றன. 19ஆம் நூற்றாண்டின் சலவைக்கற்களோ அமில மழையாற் கரைந்து, முன்னையவற்றினும் விரைவாக எழுத்திழக்கின்றன. போர்ப்ஸ் படமெடுத்த கற்களிற் சில அவர் கண்ட நிலையில் இன்றில்லை. அத்தகைய இடங்களிற் புகைப்படமே மூலபாடமாகின்றது. சுவடி அழிந்தபின் பிரதியே நூலாவது போல, இங்கு பிரதி செய்தவரின் கவனமும் கவனக்குறைவும் நிரந்தரமாகிவிடுகின்றன. மண்டையோட்டை மாத்திரம் வெட்டியெடுத்த படம் எஞ்சி, அதன் கீழிருந்த பெயர் உதிர்ந்துபோயின், அம்மனிதர் இரண்டாம் முறை இறந்தவராகின்றார்.

ஆகவே கல்லறைப் புகைப்படத்தை மதிப்பிடும்போது கேட்கவேண்டியவை சில உள. கல் முழுமையாக உள்ளதா? பெயரும் ஆண்டும் வாசகமும் வாசிக்கத்தக்கனவா? அது நிற்குமிடமும் அதன் அயலும் குறிக்கப்பட்டுள்ளனவா? செதுக்கிய கையைப் பற்றி யாதேனும் தேடப்பட்டதா? கல் ஊறின்றி விடப்பட்டதா? இவற்றுக்கு ஆம் என விடைதரும் படம் திகிலை இழந்துவிடுவதில்லை. அது வேடிக்கைத் திகிலைக் கடந்து, ஒரு சமூகம் யாரை நினைவுகூர்ந்தது, யாரை மறந்தது, யார் தம் நினைவுக்காகத் தாமே உளி பிடிக்க நேர்ந்தது என்பவற்றை முன்வைக்கும். பழைய கற்கள் வழிப்போக்கனை நிற்குமாறு கேட்டன. கமராவும் அவ்வேண்டுகோளுக்கு உட்பட்டதே: முதலில் நின்று வாசித்தபின்பே அது படமெடுக்கவேண்டும்.